பல்லியைத் தொட்ட கை

அணுபுரத்திலிருந்து காஞ்சிபுரம் ஒன்றும் தூர தேசமில்லை. ஆனாலும் ஞாயிற்றுக்கிழமை தோறும் என் கணவர் திட்டம் போடுவார். செங்கல்பட்டுக்கு முதல் பஸ், அங்கிருந்து ரயில், நடை சாத்துவதற்குள் வரதராஜர் கோயில், தங்கப் பல்லி, திரும்பும்போது கோயில் இட்லி. நாங்கள் போனதே இல்லை. போன வருஷம் மாரடைப்பில் அவர் இறந்துவிட்டார்.

வருஷ திவசம் முடிந்ததும் அந்தத் திட்டப்படி நான் மட்டும் கிளம்பினேன். ஆசைப்பட்டு இல்லை, வேறு எதுவும் செய்யத் தெரியவில்லை. படியேறிப் பல்லியைத் தொட்டேன். மனசில் ஒன்றுமே இல்லை. விசேஷ வீடுகளில் குங்குமச் சிமிழ் என்னைத் தாண்டிப் போகும்போதும் இப்படித்தான், எதுவும் உறைப்பதில்லை.

திரும்பும் பஸ்ஸில் பக்கத்தில் ஒரு மீன்காரம்மா. என் மடியிலிருந்த இட்லிப் பொட்டலத்தைப் பார்த்தார்.

“காஞ்சிபுரமா? பல்லியத் தொட்டியாம்மா?”

“தொட்டேன்.”

“காலைல என் தோள்ல பல்லி வுழுந்துச்சு. மனசே பேஜாரா கீது. அங்க தொட்டவங்களத் தொட்டாலே தோஷம் போயிடும். கையக் குடு.”

நான் கையை இழுத்துக்கொண்டேன். “எனக்கு வீட்டுக்காரர் இல்லம்மா.”

“அதுக்கு இன்னா இப்போ? பல்லியத் தொட்ட கைதானே?”

என் கையை எடுத்து இரண்டு கண்ணிலும் ஒற்றிக்கொண்டார். அவர் இமைகள் சூடாக இருந்தன. எனக்கு அழுகை வரவில்லை. நான் இறங்கும் வரைக்கும் அவர் கையை விடவில்லை, நானும் இழுக்கவில்லை. ஒரு வருஷமாக என்னை யாருமே தொட்டிருக்கவில்லை என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.