ஆறு படிக்கு ஒரு சரிவு

எங்கள் தெருவை நினைத்தாலே எனக்குக் குமட்டும். அண்ணனூர் ரயில் நிலையத்துக்குப் பின்னால், இருபது வீடுகள் உள்ள தெரு. ஒரு பெருமழையில் ஏரித் தண்ணீர் கட்டில் வரை ஏறிவிட்டுப் போனதிலிருந்து எல்லாருக்கும் ஒரே பைத்தியம், வீட்டை உயர்த்திக் கட்டுவது. நான் மட்டும் யோக்கியனா? ஆவடியில் தொழிற்சாலை வேலையில் இருந்தபோது, பழைய வீட்டை இடித்து, தெருவிலேயே உயரமாகப் பேஸ்மட்டம் போட்டு, வாசலில் தெருப் பக்கமாக நீட்டி ஆறு படி வைத்தேன். வந்தவர்களிடமெல்லாம் அதைச் சொல்லிப் பீற்றிக்கொண்டேன்.

அப்புறம் முடக்குவாதம் வந்தது. முதலில் விரல், பிறகு கணுக்கால், முட்டி. காலையில் எழுந்தால் ஒரு மணி நேரம் மரக்கட்டைதான். வேலையை விட்டேன். மாதம் ஒருமுறை ரத்தப் பரிசோதனைக்கு ஆஸ்பத்திரி போயாக வேண்டும். அதற்காவது யார் துணையும் இல்லாமல் போய்வர வேண்டும் என்பதுதான் எனக்கு மிச்சமிருந்த வீம்பு.

படிகளில் சுவரைப் பிடித்துப் பக்கவாட்டில் இறங்கிவிடுவேன். தெருவில்தான் நரகம். வீட்டை உயர்த்தியவர்கள் மோட்டார் சைக்கிளை உள்ளே ஏற்ற வேண்டுமே. வீட்டுக்கு வீடு சாக்கடைக்கு மேலே ஒரு சிமெண்ட் சரிவைத் தெருவுக்குள் நீட்டியிருந்தார்கள். சரிந்த தரையில் என் கணுக்கால் நிற்காது. ஒவ்வொன்றையும் சுற்றிக்கொண்டு நடுத்தெருவுக்குப் போக வேண்டும். அங்கே நாய்ப் பீ, பொங்கி வழியும் சாக்கடை, முதுகுக்குப் பின்னால் தண்ணீர் லாரியின் ஹாரன். திரும்ப இடமில்லை என்று ஆட்டோக்காரர்கள் உள்ளே வரவே மாட்டார்கள்.

ஒருநாள் லாரிக்கு ஒதுங்கி, கணுக்கால் வரை சாக்கடையில் இறங்கிவிட்டேன். செருப்பு உள்ளே மாட்டிக்கொண்டது. என்னால் குனிய முடியாது. எதிர்வீட்டுக்காரர் தன் சரிவில் வண்டி துடைத்துக்கொண்டிருந்தார். வாயில் வந்ததையெல்லாம் சொல்லி அவரைத் திட்டினேன். அவர் நிதானமாகக் கேட்டார்:

“இன்னாண்ணே, ஊட்டுக்கு ஊடு போட்டுகினுதான் கீறாங்க. நீ ஆறு படி வெச்சியே, அப்ப யாரைக் கேட்டே?”

கேட்டுவிட்டு, அவரே சேற்றில் கைவிட்டுச் செருப்பை எடுத்துக் கழுவியும் கொடுத்தார். அது இன்னும் எரிச்சலாக இருந்தது.

அடுத்த மழைக்காலத்தில் அந்தப் படிகளும் என்னைக் கைவிட்டன. ஆஸ்பத்திரி நாளில் மகன் என்னை நாற்காலியோடு தூக்கி இறக்கினான். அவன் மூக்குக்குப் பக்கத்தில் என் தைல நாற்றம். சீ, இதுவும் ஒரு பிழைப்பா என்று இருந்தது. அந்த வாரமே மேஸ்திரியைக் கூப்பிட்டேன்.

அவர் டேப்பைப் பிடித்துப் பார்த்துவிட்டு, “ஆறு படிக்குச் சரிவுன்னா பாதித் தெரு பூடும் சார். பரவால்லியா?” என்றார்.

ஊருக்குத்தான் உபதேசம். “போடுங்க” என்றேன்.

தெருவிலேயே நீளமான சரிவு எங்களுடையதுதான். இருபுறமும் கம்பிக் கைப்பிடி வேறு. சிமெண்ட் இறுகிய பிறகு வந்த ஆஸ்பத்திரி நாளில், கம்பியைப் பிடித்து நானே இறங்கினேன். கீழே கோடி வீட்டு அம்மா வந்துகொண்டிருந்தார். பக்கவாதம் வந்தவர்; நாலுகால் ஊன்றுகோலோடு காலையில் நடை பழகுவார். என் சரிவு முட்டியதும் நின்றுவிட்டார். அதற்கும் எதிர்வீட்டுச் சரிவுக்கும் நடுவில் மிஞ்சியிருந்தது ஒரு கீற்றுத் தெரு. அதிலும் சாக்கடைத் தண்ணீர். சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு அதற்குள் கால் வைத்தார். நான் கம்பியை விடாமல் நின்றேன். என்னைத் திட்டப்போகிறார் என்று நினைத்தேன்.

“பாத்துப் போ நைனா. வழுக்கும்” என்றார்.

ஆஸ்பத்திரியில் நர்ஸ், கூட வந்தது யார் என்று வழக்கம்போலக் கேட்டார். தனியாகத்தான் வந்தேன் என்றேன். அதைச் சொல்லத்தான் அத்தனை நாள் ஏங்கியிருந்தேன். சொல்லும்போது என்மேலேயே அருவருப்பாக இருந்தது. சரிவு இன்னும் அங்கேதான் இருக்கிறது. இடிக்கச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.