தடைக்காலத்தில் பூக்காத பூ

காசிமேட்டில் எங்களுக்கு வருஷத்தில் இரண்டே பருவம். படகு கடலுக்குப் போகிற பருவம், போகாத பருவம். சித்திரை பிறந்ததும் தடைக்காலம் வந்துவிடும். மீன் குஞ்சு பொரிக்கிற காலம் என்று அரசாங்கம் இரண்டு மாதத்துக்கு விசைப்படகுகளை நிறுத்திவைக்கும். படகுகள் துறைமுகத்தில் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு கிடக்கும். மீன் வராத இடத்தில் ஐஸுக்கு வேலை இல்லை. நான் வேலை செய்கிற ஐஸ் கம்பெனியிலும் மெஷினை நிறுத்திவிடுவார்கள்.

அதனால் எங்களுக்கு நல்லது கெட்டது எல்லாமே தடைக்காலத்தில்தான். கல்யாணம், காதுகுத்து, வீட்டுக்கு வெள்ளையடிப்பது, வேளாங்கண்ணிக்குப் போவது, எல்லாம். என்னோடு பார் பாராக ஐஸ் பாளம் தூக்குகிற ஒருவருக்குக் குடல் இறங்கிவிட்டது. தை மாதமே ஆபரேஷன் செய்யச் சொன்னார்கள். அவர் வயிற்றில் வேட்டித் துணியை இறுக்கிக் கட்டிக்கொண்டு சித்திரை வரைக்கும் பார் தூக்கினார். யாரும் அவரை அப்படிச் செய்யச் சொல்லவில்லை. யாரும் வேண்டாம் என்றும் சொல்லவில்லை.

பங்குனி மாதம்தான் எங்களுக்கு உயிர் போகிற மாதம். தடை வருவதற்குள் கடைசியாக ஒரு நடை போய்வர எல்லாப் படகும் துடிக்கும். பத்து நாள், பதினைந்து நாள் கடலில் கிடக்கிற படகுக்கு ஐஸ் நிரப்ப வேண்டும். கொக்கியால் பாரை இழுத்து, உடைக்கிற மெஷினில் தள்ளி, அந்தத் தூள் குழாய் வழியாகப் படகுக்குள் கொட்டுவதைப் பார்த்துக்கொண்டே அடுத்த பாரை இழுப்பேன். பங்குனியில் லீவு என்று ஒருவர் கேட்டு நான் பார்த்ததில்லை.

என் மனைவி இறால் உரிக்கிற ஷெட்டில் வேலை செய்தாள். அங்கேயும் ஐஸ்தான். நான் உடைத்த ஐஸில் கையை விட்டு அவள் நாள் முழுக்க இறாலின் தலையைக் கிள்ளுவாள். சாயங்காலம் வீட்டுக்கு வந்தால் அவள் விரல்கள் வெளுத்து, நெடுநேரம் தண்ணீரில் ஊறிய துணி மாதிரி இருக்கும். பத்து வருஷமாகச் சர்க்கரை. அது முதலில் கால் விரலில் காட்டியது, பிறகு கண்ணுக்கு ஏறியது. இடது கண் போனபோது அவள் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. வலது கண்ணிலும் உள்ளே ரத்தம் கசிகிறது, போன பார்வை திரும்பாது, இருக்கிறதைக் காப்பாற்றிக்கொள்ளலாம் என்று ஆஸ்பத்திரியில் சொன்ன அன்றைக்குத்தான் வீட்டுக்கு வந்து ஒவ்வொரு சாமானாக எடுத்து முகத்தருகே வைத்துப் பார்த்தாள்.

எங்கள் வீட்டுச் சுவரில் மளிகைக்கடையில் கொடுத்த காலண்டர் மாட்டியிருந்தது. மாதத்துக்கு ஒரு ஊர்ப் படம். ஏப்ரல் தாளில் ஸ்ரீநகர். பின்னால் மலை, நடுவில் ஏரி, முன்னால் ஒரு பெரிய தோட்டம். தோட்டத்தில் பூக்கள் பட்டை பட்டையாக, ஒரு நிறத்துக்குப் பக்கத்தில் இன்னொரு நிறமாக, சேலைக்கடையில் விரித்துப்போட்ட மாதிரி. அந்தத் தாளை அவள் திருப்பவே இல்லை. மே வந்தது, ஜூன் வந்தது, எங்கள் வீட்டில் ஏப்ரல்தான்.

“மனுசாள் மொகம்லாம் மசமசன்னு கீதுய்யா,” என்றாள் ஒருநாள். “இது மட்டும் வாசப்படிலேர்ந்தே தெரியுது. கலரு கலரா, கோடு கோடா. அந்த ஊருக்கு ஒருவாட்டி இட்டுகினு போறியா? கண்ணு கீறப்பவே பாத்துடறேன்.”

மகளைக் கட்டிக்கொடுத்தாயிற்று. எங்களுக்கு வேறு ஆசை இல்லை. “போலாம்மே,” என்றேன்.

எப்போது போவது என்பதுதான் மிச்சம். தடைக்காலத்தில் என்று நான் யோசிக்காமலே சொன்னேன். அவளும் யோசிக்காமல் தலையாட்டினாள். ஏப்ரல் தாளில்தானே படம் இருக்கிறது, தடையும் ஏப்ரலில்தானே வருகிறது. அந்த ஊர்ப் பூவும் எங்கள் தடைக்காலத்துக்காகக் காத்திருக்கும் என்று இரண்டு பேரும் நினைத்துக்கொண்டோம்.

விஷயம் கம்பெனியில் பரவியது. எனக்கு நாலு பேர் நடுவில் பேசவே வராது. அவர்களுக்கு அது தெரியும்.

“டேய், ஐஸ் கம்பெனிக்காரன் ஐஸ் பாக்க காஷ்மீர் போறான்டோய்!”

“நைனா, வர்றப்போ ரெண்டு பார் தூக்கினு வா. நம்ம ஐஸ்ல அமோனியா நாத்தம் தாங்கல.”

ஷெட்டுக்குப் போகிற வழியில் எனக்குச் சாப்பாடு கொண்டுவந்த என் மனைவி காதிலும் அது விழுந்தது. அவள் தூக்குவாளியைக் கீழே வைத்துவிட்டு, “ஐஸ் பாக்க யாரு போறா?” என்றாள். “ஐஸ் உருகினதுக்கப்பால அங்க இன்னா மொளைக்குதுன்னு பாக்கப் போறோம். இங்கதான் ஒரு மயிரும் மொளைக்கலியே.” எல்லாரும் சிரித்தார்கள். நான் தூக்குவாளியைத் திறந்து தலையைக் குனிந்துகொண்டேன்.

அந்த மார்கழியில், வழக்கம்போல, காஷ்மீர்க்காரர் ஒருவர் சால்வை மூட்டையை ஸ்கூட்டரில் கட்டிக்கொண்டு எங்கள் தெருவுக்கு வந்தார். மதிய நேரம். நான் வேலை முடித்து வந்திருந்தேன். அவள் ஷெட்டில் இருந்தாள். எங்கள் ராயபுரத்தில் சால்வை யார் வாங்குவார்கள்? ஆனாலும் வருஷா வருஷம் வருவார், கொஞ்சம் தமிழ் பேசுவார். நான் அவரை உள்ளே கூப்பிட்டு, காலண்டரைக் காட்டி, இந்தப் பூவைப் பார்க்க எந்த மாதம் நல்லது என்று கேட்டேன்.

அவர் படத்தைப் பார்த்ததும் முகமே மாறிவிட்டது. “இது நம்ம ஊரு அண்ணா. வீட்டுலேர்ந்து நடந்து போலாம்.” பிறகு விரலை நீட்டிச் சொன்னார். “மார்ச் கடைசி. ஏப்ரல் முதல் வாரம், ரெண்டாவது வாரம். அவ்ளோதான். அப்புறம் வந்தா இலை மட்டும் இருக்கும்.”

“சித்திரைல வந்தா?” என்றேன். அவருக்குச் சித்திரை புரியவில்லை. நான் விரல்விட்டு எண்ணினேன். எப்படி எண்ணினாலும் அந்தப் பூ பங்குனியில்தான் பூத்தது. படகுகள் கடைசி நடைக்கு ஐஸ் ஏற்றுகிற அதே வாரங்களில்.

“மே மாசம் கூட்டம் நிறைய வருது அண்ணா. வெயிலுக்குப் பயந்து வருது. ரோஜா இருக்கும், ஏரி இருக்கும். இந்தப் பூ இருக்காது,” என்று சொல்லிவிட்டு அவர் போனார்.

அதை நான் அவளிடம் சொல்லவில்லை. முதலில் முதலாளியிடம் லீவு கேட்போம், கிடைத்தால் சொல்வோம் என்று நினைத்தேன்.

முதலாளி தூத்துக்குடிப் பக்கத்துக்காரர். கெட்ட மனிதர் என்று சொல்ல முடியாது. மாசி மாதம் ஒருநாள் அவருடைய கண்ணாடி அறை வாசலில் போய் நின்றேன். மனதுக்குள் பத்துத் தடவை சொல்லிப் பார்த்துக்கொண்டுதான் போனேன்.

“என்னப்பா?” என்றார்.

“ஒண்ணுமில்ல மொதலாளி. மெஷின் பெல்ட் தேஞ்சி போச்சி.”

“முந்தாநேத்துதானப்பா புது பெல்ட் போட்டோம்?”

“ஆமா மொதலாளி,” என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். இன்னொரு நாளும் போனேன். அன்றைக்கு அவர் போனில் பேசிக்கொண்டிருந்தார். அவர் போனை வைப்பதற்குள் திரும்பிவிட்டேன். அன்றைக்கு எனக்கு வருத்தத்தைவிட நிம்மதிதான் அதிகமாக இருந்தது. அதையும் எழுதத்தான் வேண்டும்.

வீட்டில் வந்து, “மே மாசந்தான் அந்த ஊருக்கு நல்ல சீசனாம்மே. ஊரே அப்பத்தான் போவுதாம்,” என்றேன்.

“பூவு?”

“பூவு இன்னா, ஓடியா பூடும்?”

ராயபுரத்தில் ஒருவர் தடைக்காலத்துக்குத் தடைக்காலம் எங்கள் ஆட்களைச் சேர்த்துக்கொண்டு ஊர் சுற்றிக்காட்டப் போவார். மே மாதம் அவரோடு கிளம்பினோம். மீன் விற்கிற பெண்கள், படகு டிரைவர்கள், அவர்கள் வீட்டுக்காரிகள் என்று ஒரு கூட்டம். ரயிலில் மூன்று நாள். அந்தப் பள்ளத்தாக்கில் இறங்கியதும் எல்லாரும் மலையைக் காட்டிக் கத்தினார்கள். “யக்கா, மேல பாரு, பனி!” என் மனைவி முகத்தை உயர்த்தி, “எங்க? எங்க?” என்றாள். யாரோ அவள் தாடையைப் பிடித்துத் திருப்பினார்கள். அவள் தெரிந்த மாதிரி சிரித்தாள்.

ஏரியில் படகில் போனோம். ரோஜாத் தோட்டத்துக்குப் போனோம். பெண்கள் எல்லாரும் செடிகளுக்கு நடுவில் நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். “ரோசா எங்க தெரு பூக்கடைலயே கீது,” என்று என் மனைவி காதருகில் சொன்னாள். “காலண்டர் தோட்டத்துக்கு எப்போ?”

கூட்டிவந்தவர் அந்தத் தோட்டம் பயணக் கணக்கிலேயே இல்லை என்றார். அவள் விடவில்லை. கடைசி நாள் சாயங்காலம் வண்டியை அந்தப் பக்கம் திருப்பினார். கேட் பூட்டியிருந்தது. காவலாளி இந்தியில் ஏதோ சொன்னார். கூட்டிவந்தவர், “பூவு முடிஞ்சி பல நாள் ஆவுதாம். இப்போ உள்ள ஒண்ணும் இல்லியாம்,” என்றார்.

கம்பிக்கு அந்தப் பக்கம் பட்டை பட்டையாகத்தான் இருந்தது. காலண்டரில் இருந்த அதே பட்டைகள். ஆனால் மஞ்சளாகி மடங்கின இலையும், அதற்கு நடுவில் மண்ணும். அவள் கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நல்ல கண்ணை அதில் ஒட்டிவைத்துப் பார்த்தாள். அவளுக்கு எதுவரைக்கும் தெரிந்தது என்று எனக்குத் தெரியாது.

“உனுக்குத் தெரியுமாய்யா?” என்று கேட்டாள்.

“தெரியாதும்மே,” என்றேன்.

“வுடு. உனுக்கு யாரு சொல்லப் போறாங்கோ,” என்று என் கையைப் பிடித்துக்கொண்டு வண்டிக்கு நடந்தாள். திரும்பி வருகிற மூன்று நாளும் மற்றவர்களிடம், ஏரி நன்றாக இருந்தது, ரொட்டி நன்றாக இருந்தது என்று சொல்லிக்கொண்டே வந்தாள். எனக்காகத்தான் அப்படிச் சொன்னாள்.

அடுத்த மார்கழி வந்தது. எனக்குக் காய்ச்சல், வீட்டில் படுத்திருந்தேன். அவளுக்கு அப்போது இறாலின் குடலை எடுக்கக் கண் தெரியவில்லை, ஷெட்டை விட்டு நின்றுவிட்டாள். வாசலில் உட்கார்ந்து தடவித் தடவிப் பூண்டு உரித்துக்கொண்டிருந்தாள். ஸ்கூட்டர் சத்தம் கேட்டது.

“அண்ணா இருக்காரா அக்கா? எங்க ஊருக்குப் போனீங்களா? பூ பாத்தீங்களா?”

“போனோம்ப்பா. பூவு முடிஞ்சிடுச்சி,” என்றாள்.

“எப்போ போனீங்க?”

“மே மாசம்.”

“அய்யோ, மே மாசமா? அண்ணாகிட்ட சொன்னேனே அக்கா, மார்ச் கடைசின்னு! காலண்டர் காமிச்சிக் கேட்டாரு. விரல்லகூட எண்ணினாரு.”

நான் போர்வையை இழுத்து மூடிக்கொண்டேன். காய்ச்சல் வந்தவன் தூங்கமாட்டானா என்ன. அவள் அவருக்குத் தண்ணீர் கொடுத்தாள். அவர் ஸ்கூட்டர் தெரு முனையில் திரும்புகிற சத்தம் வரைக்கும் வாசலிலேயே நின்றாள். பிறகு உள்ளே வந்து, சுவரைத் தடவி, இரண்டு வருஷமாக மாட்டியிருந்த அந்தக் காலண்டரைக் கழற்றினாள். நான்காக மடித்து, அரிசி டின்னுக்கு அடியில் வைத்தாள்.

“லீவு கேக்க உனுக்கு வாய் வரல,” என்றாள். “பொய் சொல்ல மட்டும் எப்டிய்யா வந்துச்சி?”

அதற்குப் பிறகு அவள் சண்டை போடவில்லை. சண்டை போட்டிருந்தால் நானும் ஏதாவது சொல்லியிருப்பேன்.

மாசி முடிகிறபோது வலது கண்ணிலும் ரத்தம் திரை மாதிரி இறங்கிவிட்டது. உடனே ஆபரேஷன் செய்தால் வெளிச்சமாவது மிஞ்சும், தள்ளிப்போட்டால் அதுவும் இல்லை என்றார்கள். தேதி பங்குனியில் விழுந்தது. கூட இருக்க வேறு ஆள் இல்லை. மகளுக்கு அப்போதுதான் பிரசவம் ஆகியிருந்தது.

கண்ணாடி அறை வாசலில் போய் நின்றேன். இந்தத் தடவை மனதுக்குள் சொல்லிப் பார்க்கவில்லை.

“மொதலாளி, பொண்டாட்டிக்குக் கண்ணு ஆபரேஷன். பத்து நாள் லீவு வேணும்.”

அவர் நிமிர்ந்து பார்த்தார். “இதுக்கா இப்படி நிக்கிற? போயிட்டு வாப்பா. பக்கத்து கம்பெனில சொல்லி ஒரு ஆள வாங்கிக்கிடுதேன்.” நான் அங்கேயே நிற்பதைப் பார்த்து மறுபடி சொன்னார். “இத்தன வருஷத்துல நீ ஒரு நாளு வந்து கேட்டதில்லையேப்பா. கேட்டா நான் தரமாட்டேன்னா சொல்லப் போறேன்?”

வெளியே வந்தேன். மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. என் இடத்தில் ஒருவர் கொக்கியை எடுத்துக்கொண்டார். படகுக்கு ஐஸ் போய்க்கொண்டுதான் இருந்தது.

ஆபரேஷன் ஆனபிறகு அவளைக் கவிழ்ந்தே படுக்கச் சொல்லியிருந்தார்கள். கண்ணில் கட்டு. ஒருநாள் காலையில், தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தவளுக்கு இட்லியைப் பிய்த்து ஊட்டிக்கொண்டிருந்தேன். எட்டாம் நாள் அது.

“இன்னிக்கி இன்னா தேதி?” என்று கேட்டாள்.

“மார்ச்சு கடைசி.”

வாயிலிருந்ததை மென்று விழுங்கினாள். “அங்க பூத்திருக்கும்,” என்றாள்.

இன்னொரு துண்டு இட்லியைப் பிய்த்தேன்.

“காலண்டர்ல மொத வரிசை இன்னா கலரு, சொல்லு.”

யோசித்துப் பார்த்தேன். இரண்டு வருஷம் அந்தச் சுவருக்கு எதிரில்தான் உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறேன். எனக்கு ஞாபகம் வரவில்லை. மஞ்சள் என்று சொன்னேன்.

“செவப்புய்யா,” என்றாள். “செவப்பு, அப்புறம் வெள்ள, அப்புறந்தான் மஞ்சா. கண்ணு நல்லா கீற ஆளு நீ.”

மிச்சமிருந்த இட்லியை வேண்டாம் என்று கையால் தள்ளினாள்.