முதல்ல உங்க கை படட்டுங்க

என்னைக் கெட்டவன் என்று யாராவது சொன்னால், இந்த ஒரு விஷயத்தில் மறுக்க மாட்டேன். பழிவாங்கினேன். இன்றைக்கு நினைத்தாலும் இனிக்கிறது.

ஆர்.எஸ்.புரத்தில் ஒரு கார் பட்டறையில் நான்கு வருடம் வேலை பார்த்தேன். ஒருநாள் முதலாளி ஒரு டீச்சரம்மாவின் காரைக் காட்டி, "கண்ணு, உன்ற கைதான் ஒல்லி, உள்ள போவும். அந்தக் கூலண்ட் பைப்பைக் கழட்டிப்போடு" என்றார். இன்ஜின் சூட்டைத் தணிக்கும் தண்ணீர் ஓடுகிற பைப் அது. இன்ஜினுக்குப் பின்னால் ஒரு கை நுழையவே திணறும் சந்து. அங்கே பைப்பின் முனையில் முழங்கை மாதிரி வளைந்த ஒரு பிளாஸ்டிக் துண்டு, சூட்டில் வெந்து வெந்து இரும்போடு ஒட்டிக் கிடந்தது. கண்ணுக்குத் தெரியாது, விரலால் தடவித்தான் பார்க்க வேண்டும். சுடுதண்ணீர் ஊற்றினேன். இழுக்காமல் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் மெல்லத் திருகினேன். பொட்டென்று வந்துவிட்டது, பாதி மட்டும்.

அந்த அம்மாவின் முன்னாலேயே முதலாளி சொன்னார்: "ஏனுங் தம்பி, கை இருந்தா மட்டும் பத்தாதுங்க. அதுல பக்குவம் இருக்கோணுமுங்க." எங்கள் ஊரில் வேலையை விட்டுத் துரத்தும்போதுகூட மரியாதை குறையாது. அதனால் வலி குறைந்துவிடுமா என்ன? அன்றோடு என்னை நிறுத்திவிட்டார்.

பீளமேட்டில் சொந்தமாக ஒரு ஷெட் போட்ட பிறகும், பிளாஸ்டிக் முனையைத் தொடும்போதெல்லாம் கை நடுங்கும். அத்தனை பக்குவமாகச் செய்தும் எப்படி உடைந்தது? ஒருவேளை நிஜமாகவே என் கைதான் சரியில்லையோ? இப்படி என்னையே நான் கேட்டுக்கொள்ள வைத்ததற்காக அந்த ஆளை வெறுத்தேன்.

போன மாதம் அதே கார் என் ஷெட்டுக்கு வந்தது. பழைய முதலாளியே ஓட்டி வந்தார், பக்கத்தில் அதே டீச்சரம்மா. "தம்பி, நம்ம கடைப் பசங்க எல்லாம் லீவுங்க. அதே பைப்பு மறுபடியும் ஒழுகுதுங்க. உங்க கைதான் உள்ள போவும்."

துரத்திய அன்றைக்குப் பேசிய அதே மரியாதை, இப்போது எதற்கு? எனக்குச் சுருக்கென்றது. இந்த முறை கையை விடவில்லை. டார்ச்சைப் போட்டு, வீடியோ ஓடவிட்டு, போனைச் சந்துக்குள் இறக்கினேன்.

படத்தைப் பார்த்ததும் உடம்பு பற்றி எரிந்தது. பிளாஸ்டிக்கின் அடிப்பக்கம் புத்தம் புது விரிசல். அருகிலேயே ஸ்க்ரூடிரைவரால் நெம்பிய பள்ளம். தானே நெம்பி உடைத்துவிட்டு, பழியைச் சுமக்க ஓர் ஆளைத் தேடி வந்திருக்கிறார். அன்றைக்கும் இதேதான் நடந்திருக்கிறது.

அப்போதே அந்த அம்மாவிடம் காட்டியிருக்கலாம். எனக்கு அது போதவில்லை. போனைப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு, கைகட்டி நின்றேன்.

"ஏனுங்ணா, நீங்க எனக்குத் தொழில் குடுத்தவங்க. உங்களை நிக்க வெச்சுப்போட்டு நான் தொடறது முறையில்லீங்க. முதல்ல உங்க கை படட்டுங்க."

பெரியவர் கையால் தொட்டுத் தொடங்குவது எங்கள் பக்கத்து வழக்கம். நாலு பேர் முன்னால் கேட்டுவிட்டால் மறுக்க முடியாது. "அட, எதுக்குங்க" என்று இரண்டு முறை சிரித்துப் பார்த்தார். "தொட்டுக் குடுங்க, நல்லதுதானுங்களே" என்றார் டீச்சரம்மா. வேறு வழியில்லாமல் சட்டைக் கையை மடித்துக்கொண்டு உள்ளே விட்டார். தொட்டும் தொடாமலும்தான் தொட்டிருப்பார். பொட்டென்ற சத்தம் எனக்கே கேட்டது.

பாதித் துண்டோடு நிமிர்ந்தவருக்கு முகமெல்லாம் வியர்வை. "இது முன்னாலயே விரிசல் உட்டிருக்குதுங்க" என்றார், அந்த அம்மாவைப் பார்த்து.

"ஆமாங்ணா" என்றேன். "அன்னைக்கும் அப்படித்தானுங்களே இருந்துச்சு?"

வீடியோவை ஓடவிட்டு, போனை டீச்சரம்மாவிடம் கொடுத்தேன். அவர் அந்தப் பள்ளத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார். பிறகு முதலாளியைப் பார்த்தார்.

மீதிப் பாதியை நானே எடுத்தேன். கை நடுங்கவில்லை.