கத்திரி அக்காவின் பெயர் வெளியே போன கதை

தெருமுனைத் தையல்கடைக்காரியை எல்லாரும் கத்திரி அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். கையில் இருக்கிற கத்திரிக்கோலைச் சொல்கிறார்களா, வாயைச் சொல்கிறார்களா என்று அவளிடம் கேட்கிற தைரியம் யாருக்கும் கிடையாது.

சந்தேகம் அவளுக்குக் கூடவே பிறந்தது. துணிக்கடைக்காரர் இரண்டு மீட்டர் என்று கொடுத்தால் அங்கேயே விரித்து அளந்து பார்ப்பாள். யாராவது "அக்கா, இன்னைக்கு அழகா இருக்கீங்க" என்று சொல்லிவிட்டால் போச்சு. "என்ன, தைக்கக் கொடுத்தது நாளைக்கே வேணுமாக்கும்?" என்பாள்.

அவளுக்கும் ஒரு பெயர் உண்டு. தண்ணளி. அப்பா அச்சகத்தில் பிழை திருத்துகிறவர். ஏதோ பழைய புத்தகத்தில் பிழை பார்க்கும்போது கண்ணில் பட்ட சொல்லாம். சின்ன வயதில் அவளை மடியில் உட்கார வைத்து அர்த்தம் சொல்வார். "தண்ணுன்னா குளிர்ச்சி, அளின்னா கருணை. மனசு குளிர்ந்து காட்டுற கருணைடா கண்ணு. இந்தப் பேரு உனக்கு மட்டும்தான், வேற யாருக்கும் கிடையாது." இப்படிக் கொஞ்சின மனுஷன், அவளுக்கு எட்டு வயதாகும்போது, அச்சகத்தில் கூட வேலை பார்த்த ஒருத்தியோடு போய்விட்டார். போனவர் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. அன்றோடு அந்தப் பெயரும் அவளுக்குக் கசந்துபோனது.

கல்யாணமான புதிதில் புருஷன் ஒரு நாள் ஆசை ஆசையாய் அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். அவள் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாள். "அப்படிக் கூப்பிட்டா நான் திரும்ப மாட்டேன். அந்தப் பேரை வெச்சவரு ஓடிப்போனவரு. நீங்களும் ஓடுறதா இருந்தா கூப்பிடுங்க" என்றாள். பாவம், அவர் அன்றைக்கு மூடின வாய்தான். இருபது வருஷமாக அவளை "இந்தா" என்றே கூப்பிட்டுக் காலத்தை ஓட்டிவிட்டார்.

அவர் பிரசவ ஆஸ்பத்திரி வண்டி ஓட்டுகிறவர். எல்லாருக்கும் வண்டிக்காரர். பேசினால் வாய் தேய்ந்துவிடும் என்கிற ஜாதி. அவளுடைய அம்மாவும் போய்ச் சேர்ந்துவிட்டதால், அந்தப் பெயர் தெரிந்த ஒரே ஆள் இப்போது இந்த ஊரில் அவர்தான்.

இப்படி இருக்கும்போதுதான் பக்கத்துக் குழந்தைகள் காப்பகத்து ஆயா ஒரு கட்டுப் பைகளோடு வந்தாள். குழந்தைகளின் பெயர்களைப் பையில் நூலால் போட வேண்டும். ஆயா ஒவ்வொரு பெயராகச் சொல்ல, கத்திரி அக்கா சாக்கட்டியால் எழுதிக்கொண்டே வந்தாள்.

"அடுத்தது, தண்ணளி."

சாக்கட்டி உடைந்தது.

"என்ன பேரு சொன்னே?"

"தண்ணளி. அதுல ரெண்டு பை போடுக்கா. ரெண்டு பொண்ணுங்களுக்கு அதே பேரு. இப்ப இந்தப் பக்கம் நிறைய வெக்கிறாங்க போல."

கத்திரி அக்கா உடைந்த துண்டைக் குனிந்து எடுத்தாள். நிறைய வைக்கிறார்களா? எப்படி? அது என்ன, காற்றில் பறந்துபோய் ஒட்டிக்கொள்கிற பெயரா?

மறுநாளே பைகளைக் கொடுக்கிற சாக்கில் காப்பகத்து வாசலில் போய் நின்றாள். முதல் குழந்தையின் அம்மா பல்லெல்லாம் தெரியச் சிரித்தாள். "எங்க மாமனார் பழைய புஸ்தகமெல்லாம் புரட்டித் தேடி எடுத்தாருங்க." இரண்டாவது குழந்தையின் அம்மா, "கர்ப்பமா இருக்கும்போது கனவுல ஒரு குரல் சொல்லுச்சுக்கா" என்றாள். மருந்துக்கடையில் வேலை பார்க்கிற பெண்ணின் கைக்குழந்தைக்கும் அதே பெயர் என்று ஆயா சொல்ல, அங்கேயும் போனாள். அந்தப் பெண், "நெட்ல பாத்தோம்" என்று சொல்லிவிட்டு மாத்திரை அட்டையை எண்ண ஆரம்பித்துவிட்டாள். ஒருத்தி கண்ணும் இவள் கண்ணை நேராகப் பார்க்கவில்லை. கதை விடுகிறவர்களின் முழி அவளுக்குத் தெரியாதா?

மூன்று பேரும் எதையோ மறைக்கிறார்கள். பெயர் தெரிந்த ஆள் ஒருவர்தான். இதைக் கூட்டிக் கழித்துப் பார்க்க எந்தப் படிப்பும் வேண்டாம்.

வீட்டில் புருஷனைக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு கவனித்தாள். அவர் சாப்பிட்டார், தூங்கினார், சட்டைப் பொத்தான் அறுந்துவிட்டது என்று காட்டினார். ஒரு தப்பும் செய்யாத மாதிரி ஒரு மனுஷன் நடமாடினால் அதுவே பெரிய சந்தேகம் இல்லையா? "ஏங்க, உங்ககிட்ட ஒண்ணு கேக்கவா?" என்று ஆரம்பிப்பாள். "என்ன?" என்பார். "ஒண்ணுமில்ல" என்று முடித்துவிடுவாள். கேட்டுவிட்டால் அவர் ஆமாம் என்று சொல்லிவிடுவாரோ என்கிற பயம்தான், வேறென்ன?

அப்புறம்தான் அந்த போன் வந்தது. அவர் குளித்துக்கொண்டிருந்தார். அவருடைய போனை எடுத்து, வாயைத் திறக்காமல் காதில் வைத்தாள்.

"ஹலோ! உங்க தண்ணளிக்குப் பல்லு முளைச்சிடுச்சு!" ஒரு பெண் குரல், சந்தோஷம் தாங்காமல்.

"யாரது?" என்றாள் கத்திரி அக்கா.

போன் கட்டாகிவிட்டது.

உங்க தண்ணளி. அப்படியே கட்டிலில் உட்கார்ந்துவிட்டாள். அவர் தலையைத் துவட்டிக்கொண்டு வந்தபோது போனை இருந்த இடத்திலேயே வைத்திருந்தாள். அவர் வேலைக்குக் கிளம்பினதும் அவருடைய சட்டைகளையெல்லாம் ஒவ்வொன்றாக மடித்து ஒரு பையில் அடைத்து, கடைக்குக் கொண்டுபோய் மிஷினுக்குப் பின்னால் வைத்தாள். சாயங்காலம் வரட்டும். அப்பா போனபோது எட்டு வயசு, வாசலில் நின்று அழத்தான் முடிந்தது. இந்த ஆளையாவது தானே அனுப்பிவிட வேண்டும். மடிக்கும்போது ஒரு சட்டையில் பொத்தான் இல்லாததைப் பார்த்து, "போற எடத்துல அவளே தைச்சுக்கட்டும்" என்று வாய்விட்டுத் திட்டினாள். திட்டிவிட்டு, ஊசியை எடுத்துத் தைத்தும் வைத்தாள்.

மத்தியானம், தைக்கக் கொடுத்ததை வாங்க வந்த ஒரு கர்ப்பிணிப் பெண் கடை ஸ்டூலில் உட்கார்ந்தவள் எழுந்திருக்கவில்லை. வலி வந்துவிட்டது. முன்பின் பழக்கமில்லாத பெண். கத்திரி அக்காவின் கையை இரும்புப் பிடியாகப் பிடித்துக்கொண்டாள். எதிர்க்கடைக்காரர் ஆஸ்பத்திரிக்கு போன் போட, வண்டி வந்தது. ஓட்டி வந்தவர் யார் என்று சொல்லவும் வேண்டுமா?

"நீ கடையைப் பாத்துக்க" என்று பொண்டாட்டியிடம் சொல்லிவிட்டு, நர்ஸோடு சேர்ந்து அந்தப் பெண்ணை வண்டியில் ஏற்றினார். ஏற்றினவர் முன்பக்கம் ஓடிவிட்டார். அந்தப் பெண் கையை விட்டால்தானே? நர்ஸ், "நீங்களும் ஏறுங்க, ஏறுங்க" என்று கத்திரி அக்காவையும் இழுத்துப் போட்டுக் கதவைச் சாத்தினாள்.

முன்பக்கத்துக்கும் பின்பக்கத்துக்கும் நடுவில் சின்ன ஜன்னல். அதன் வழியாக அவருடைய பின்னந்தலை மட்டும் தெரிந்தது. சாலையெல்லாம் நெரிசல். அந்தப் பெண் அலறினாள்.

"அம்மா, பயப்படாதீங்க" என்றார் அவர், திரும்பாமலே. "பொண்ணு பொறந்தா என்ன பேரு வெக்கப் போறீங்க?"

"ஆரம்பிச்சுட்டாரு" என்றாள் நர்ஸ். "வலி தெரியாம இருக்கப் பேரு கேப்பாரு. எல்லார்கிட்டயும் கேப்பாரு."

"தெரியலண்ணா... அய்யோ... நீங்களே சொல்லுங்க."

"தண்ணளின்னு வைங்க. நல்ல பேரு. ஆனா நான் சொன்னேன்னு யாருகிட்டயும் மூச்சு விடக் கூடாது. எங்க வீட்டுல தெரிஞ்சா என்னைத் துரத்திடுவா."

கத்திரி அக்கா வாயை இறுக்கி மூடிக்கொண்டாள்.

"அதுக்கு... என்னண்ணா அர்த்தம்?"

"புஸ்தக அர்த்தமெல்லாம் எனக்கு வராதும்மா. எங்க வீட்டுக்காரி வாய் ஓயாமத் திட்டுவா. திட்டிக்கிட்டே என் சட்டைக்குப் பொத்தான் தைப்பா. அதுதான் அர்த்தம்னு நான் நெனச்சுக்கிட்டிருக்கேன்."

"அவங்க பேரா? நீங்க... அப்படித்தான் கூப்பிடுவீங்களா?"

"எங்கே கூப்பிடுறதும்மா! கூப்பிட்டாத் திரும்ப மாட்டா. அவகிட்டச் சொல்ல முடியாது. எங்கயாவது சொல்லணும்ல? அதான் வண்டியில சொல்லிக்கிறேன்."

கத்திரி அக்காவுக்குக் கண்ணீர் கண்ணை மறைத்தது. துடைத்துக்கொள்ளக் கை இல்லை. ஒரு கை அந்தப் பெண்ணிடம் இருந்தது, இன்னொரு கையால் கம்பியைப் பிடித்திருந்தாள். மிஷினுக்குப் பின்னால் இருக்கும் பை ஞாபகம் வந்தது. நாசமாப் போக, எதிர்க்கடைக்காரர் அதைப் பிரித்துப் பார்க்காமல் இருக்க வேண்டும்.

ஆஸ்பத்திரி வாசலில் பின்கதவைத் திறந்தவர் அவளைப் பார்த்ததும் பேயறைந்த மாதிரி நின்றுவிட்டார். ஸ்ட்ரெச்சரை உள்ளே தள்ளிக்கொண்டு போன பிறகு, இரண்டு பேரும் பிரசவ அறைக்கு வெளியே சுவரோரமாக நின்றார்கள்.

"அப்ப போன்ல பல்லு முளைச்சது யாருக்கு?" என்றாள். கேட்காமல் விட அவள் என்ன வேறு ஆளா?

"மருந்துக்கடைப் பொண்ணோட குழந்தைக்கு. பல்லு வந்தாச் சொல்லுன்னு கேட்டு வெச்சிருந்தேன்."

"அவ நெட்ல பாத்தேன்னாளே?"

"நான்தான் சொல்லக் கூடாதுன்னேன். ஆளாளுக்கு ஒண்ணு சொல்லிச் சமாளிக்குதுங்க."

உள்ளே குழந்தை அழுதது. நர்ஸ் எட்டிப் பார்த்து, "பையன்" என்று சொல்லிவிட்டுப் போனாள். வண்டிக்காரரின் முகம் தொங்கிப்போனதைப் பார்த்து அவளுக்குச் சிரிப்பு வந்தது. வெளியில் காட்டவில்லை.

"நிஜமாவே அவ்வளவுதானா? வேற ஒண்ணும் இல்லையே?"

"வேற என்ன இருக்கு?"

அவள் அவரை மேலும் கீழும் பார்த்தாள். பிறகு அவருக்கு முதுகைக் காட்டிச் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டாள்.

"என்ன ஆச்சு? எதுக்கு அங்க திரும்பிட்ட?"

"ஊருக்கெல்லாம் சொல்லத் தெரியுதுல்ல? இப்பக் கூப்பிடுங்க."

முதுகுக்குப் பின்னால் அவர் தொண்டையைக் கனைத்துக்கொள்வது கேட்டது. போகிற வருகிறவர்கள் நகரட்டும் என்று காத்திருக்கிறார் போல.

"தண்ணளி" என்றார், மெதுவாக.

அவள் திரும்பினாள்.

"என்ன?" என்று எரிந்து விழுந்தாள்.

"ஒண்ணுமில்ல" என்றார் அவர். "சும்மாதான் கூப்பிட்டேன்."