விளிம்பு வரை ஊற்றிய தேநீர்

தன்னைவிட மூத்தவர்களைப் பார்த்து "எழுந்திருங்கள்" என்று எப்படிச் சொல்வது? அல்மாத்தி நகருக்கு மேலே, மலை ஆற்றங்கரைக் கூடாரத்தில் கெட்டிலோடு உட்கார்ந்திருந்த மர்ஜானுக்கு அன்று காலை விடை தெரியவில்லை.

ஆய்வுக் குழுவுக்கு அவள்தான் தலைவி, அதுவும் முதல்முறை. ஆனால் மூவரில் சின்னவளும் அவள்தான் என்பதால் தேநீர் ஊற்றுவதும் அவள் வேலை. ஊற்றுகிறவளுக்குப் பேச நேரம் கிடைப்பதில்லை.

அக்கரையில், மலைச்சரிவில் உறைந்து கிடக்கும் பனியாற்றில் நட்டிருக்கும் கம்புகளை அளந்தால்தான் இந்த வருஷம் எவ்வளவு பனி கரைந்தது என்று தெரியும். வெயில் ஏறினால் பனி உருகி ஆறு பெருகிவிடும். முந்தின நாள், "கிளம்பலாமா அண்ணே?" என்று மற்ற இருவரிடமும் அவள் கேட்டுக்கொண்டே இருந்ததில் நேரம் போய், நடு ஆற்றிலிருந்து வண்டியைப் பின்னால் எடுக்க வேண்டியதாயிற்று. இன்றும் விட்டால் டீசல் தீர்ந்துவிடும், ஊர் திரும்பவேண்டியதுதான். இந்தக் கோடையின் அளவு இல்லையென்றால் அவள் ஆய்வும் இல்லை.

ஆற்றுக்கடியில் கற்கள் உருளும் சத்தம் கேட்கத் தொடங்கியது.

"இன்னொரு கிண்ணம் ஊத்து, தங்கச்சி," என்றார் ஓட்டுநர் ஒராஸ்பாய்.

"அண்ணே, தண்ணி ஏறுதே..."

"ஏறட்டுமே. என் வண்டி என்ன காகிதத்துலயா செஞ்சது?"

கருவிகளைப் பார்த்துக்கொள்ளும் தெமிர்கான் சிரித்தார். "நேத்து நடு ஆத்துல அல்லாவைக் கூப்பிட்டது யாருப்பா? வண்டியா, நீயா?"

மர்ஜான் கெட்டிலைத் தூக்கினாள். அந்த ஊர் வழக்கப்படி, மதிப்புள்ளவர்களுக்கு அரைக் கிண்ணம்தான் ஊற்றுவார்கள். நிரப்பிக் கொடுத்தால், குடித்துவிட்டுக் கிளம்பு என்று அர்த்தம். அவள் இரண்டு கிண்ணங்களையும் விளிம்பு வரை நிரப்பினாள்.

இருவரும் கிண்ணத்தைக் குனிந்து பார்த்தார்கள்.

"என்ன பொண்ணே, விரட்டுறியா?" ஒராஸ்பாயின் முகத்தில் சிரிப்பில்லை.

"ஆமா அண்ணே. எந்திரிங்க. இப்பவே கடக்கணும். தண்ணி வண்டிக் கதவைத் தொட்டா திரும்பிடணும். அதையும் நான்தான் சொல்வேன்."

தெமிர்கான் ஒரே மூச்சில் குடித்தார். "நாக்கு வெந்துபோச்சு, தலைவி," என்றபடி எழுந்தார். ஒராஸ்பாய் சாவியை எடுத்துக்கொண்டார்.

கடக்கும்போது ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டித் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தாள். அது கதவுக்குக் கீழேயே நின்றது.

கம்புகளை அளந்து முடித்த மாலையில், ஆறு பெருகியிருந்ததால் அக்கரையிலேயே தங்கினார்கள். அவள் ஊற்றிய கிண்ணத்துக்குள் ஒராஸ்பாய் எட்டிப் பார்த்தார். "பாதிதான் இருக்கு. அப்பாடா, இன்னைக்குத் தூங்கவிடுவா!"

மர்ஜானும் சிரித்தாள். ஆனாலும் காது ஆற்றிலேயே இருந்தது. விடிந்ததும் திரும்பக் கடக்க வேண்டும். இவர்களை மறுபடி எழுப்ப வேண்டும்.

புதிதாகத் தலைமைக்கு வந்து, பேச வாய் வராமல் தவிக்கிற யாரையாவது உங்களுக்குத் தெரிந்தால், மர்ஜானைப் பற்றி அவர்களிடம் சொல்லுங்கள்.