சாட்சி என்று எழுதினேனா

சம்மன் வந்தபோது நான் குளித்துக்கொண்டிருந்தேன். என் மனைவி கையெழுத்துப் போட்டு அதை வாங்கிவிட்டு, குளியலறைக் கதவைத் தட்டினாள். "ஏங்க, கோர்ட்ல இருந்து வந்திருக்கு. கார் லோன் கட்டலைன்னு உங்க மேல கேஸாம்." தலையில் சோப்போடு அப்படியே நின்றேன். எங்களிடம் கார் கிடையாது.

கார் என் நண்பனுடையது. இருபத்தைந்து வருடப் பழக்கம். எங்கள் கல்யாணத்தன்று சர்ச் பதிவேட்டில் என் பக்கத்துச் சாட்சியாகக் கையெழுத்துப் போட்டவன் அவன்தான். கம்பெனி வேலை போன பிறகு, சொந்தமாகக் கார் வாங்கி டாக்ஸி ஓட்டப்போவதாகச் சொன்னான். ஒருநாள் பள்ளிக்கூடம் விட்டு வந்த என்னைப் பல்லாவரத்தில் ஒரு ஃபைனான்ஸ் ஆபீசுக்குக் கூட்டிக்கொண்டு போனான். "சும்மா ஒரு சாட்சிக் கையெழுத்து மச்சான். அஞ்சு நிமிஷம்" என்றான். அவன் கேட்டு நான் மறுப்பதா?

இங்கே என் கோளாறைச் சொல்லியாக வேண்டும். எங்கள் சபையில் யார் கல்யாணமானாலும் சாட்சிக்கு ஆள் குறைந்தால் என்னைத்தான் கூப்பிடுவார்கள். மாப்பிள்ளையின் மாமா அவசரப்பட்டுப் பந்தியில் உட்கார்ந்துவிட்டால், "வாத்தியாரைக் கூப்பிடு" என்பார்கள். பதிவேட்டில் என்ன எழுதியிருக்கிறது என்று ஒருநாளும் படித்ததில்லை. கையெழுத்தைப் போட்டு, அதற்குக் கீழே 'சாட்சி' என்று எழுதிவிட்டு சாப்பிடப் போய்விடுவேன். சர்ச்சில் முன்பிருந்த போதகர் ஐயர் ஒருவர் பழக்கிவிட்ட பழக்கம் அது. அந்த ஆபீசிலும் ஒரு பையன் தாள்தாளாகப் புரட்டினான், பெருக்கல் குறி இருந்த இடத்திலெல்லாம் கையெழுத்துப் போட்டேன். ஒரு டீ கூடத் தரவில்லை, படுபாவிகள்.

எட்டு மாதம் தவணை கட்டினான். பிறகு கோவிலம்பாக்கத்தில் குடியிருந்த வீட்டைக் காலி செய்துகொண்டு, காரோடும் குடும்பத்தோடும் எங்கேயோ போய்விட்டான். போன் அணைந்தே கிடந்தது. வழக்கு எங்கள் இருவர் மேலும். ஃபைனான்ஸ்காரர்கள் கணக்கில் நான் சாட்சியே இல்லை, அவனோடு சேர்ந்து கடன் வாங்கியவன்.

"அவருக்குத் தெரியும்ங்க. தெரிஞ்சேதான் உங்களக் கூட்டிட்டுப் போயிருக்கார்" என்றாள் மனைவி.

"உனக்கென்னடி தெரியும் அவனப் பத்தி? அவனையும் சேர்த்துத்தான் ஏமாத்திருக்கானுங்க!" என்று கத்தினேன். பக்கத்து ஃபிளாட்டில் டிவி சத்தம் சட்டென்று குறைந்தது.

அதற்குப் பிறகு எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. அவனுடையதுபோல் வெள்ளைக் கார் எது போனாலும் நம்பர் பிளேட்டைப் பார்த்தேன். பெருங்களத்தூர் சிக்னலில் ஒருநாள், ஷேர் ஆட்டோவிலிருந்து ஒரு காலைக் கீழே வைத்தபடி எட்டி எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன். "இன்னா சார், எறங்குறியா ஏறுறியா? பேஜார் பண்ணாத" என்றார் டிரைவர். பணத்தை நான் கட்டித் தொலைக்கிறேன், வயிறு எரிந்தாலும் கட்டுகிறேன். அவனைப் பார்த்து ஒன்றே ஒன்று கேட்க வேண்டும். உனக்குத் தெரியுமா, தெரியாதா?

தாம்பரத்தில் ஒரு ஜெராக்ஸ் கடை மாடியில் இருந்த வக்கீலம்மாவிடம் போனேன். என் மாணவி வயதுதான் இருக்கும். சாட்சி எழுதும் என் பழக்கத்தைச் சொன்னதும் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"சார், இங்கயும் அப்படி எழுதினீங்களா? ஒரு பக்கத்துல இருந்தாக்கூடப் போதும், வாதாட ஒரு பிடி கிடைக்கும்."

எழுதினேனா? சத்தியமாக ஞாபகம் இல்லை. கோர்ட்டிலிருந்து பத்திரங்களின் நகல் வரும்வரை என் கையை நானே வேவு பார்த்தேன். பள்ளி வருகைப் பதிவேட்டில் ஒருநாள் காலை கையெழுத்துக்குக் கீழே 'சா' வரை போய்விட்டது. தலைமையாசிரியை என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

நகல் வந்தது. வக்கீலம்மா ஒவ்வொரு தாளாகத் திருப்பினார். இருபது பக்கம் வரை வெறும் கையெழுத்துதான். அடுத்த தாளில், இங்கிலீஷில் அச்சடித்த கட்டத்துக்குள், என் கையெழுத்துக்குக் கீழே இருந்தது. சாட்சி. என் கோணல் எழுத்தேதான்.

அதன்மேல் ஒரு கோடு. கோட்டின் ஓரத்தில் ஒரு சின்னக் கையெழுத்து. என்னுடையது இல்லை. கடைசி எழுத்தின் வாலைச் சுழித்துவிடும் பழக்கம் அவனுக்கு உண்டு. என் கல்யாணப் பதிவேட்டிலும் அந்தச் சுழிதான் இருக்கிறது. நான் கிளம்பிய பிறகு அந்தச் சொல்லை அடிக்கச் சொல்லியிருக்கிறார்கள். அவனும் அடித்து, திருத்தியதற்கு அடையாளமாகப் பக்கத்தில் தன் ஒப்பத்தையும் வைத்திருக்கிறான்.

"சூப்பர் சார்!" வக்கீலம்மா மேசையைத் தட்டினார். "நீங்க எழுதினத நீங்கதான் திருத்தணும். அவர் அடிச்சு அவரே கையெழுத்துப் போட்டிருக்கார். தெரிஞ்சே பண்ணியிருக்கார்னு இதை வச்சே நிரூபிக்கலாம். இது போதும் நமக்கு."

நானும் தலையாட்டினேன். பஸ்ஸில் நம்பர் பிளேட் எதையும் பார்க்கவில்லை.

கதவைத் திறந்ததுமே மனைவி கேட்டாள். "என்னங்க ஆச்சு? எழுதியிருக்கீங்களா?"

"எழுதியிருக்கேன்."

"அப்பாடா, ஆண்டவருக்கு ஸ்தோத்திரம். அப்புறம் ஏன் மூஞ்சி இப்படி இருக்கு?"

"அடிச்சிட்டான்டி" என்றேன்.

"ஐயையோ, யாருங்க? எங்க அடிச்சான்?" என்று பதறியவள், என் முகத்தை இரண்டு கையாலும் பிடித்து விளக்குப் பக்கம் திருப்பிப் பார்த்தாள்.