பாதுகாப்பு அமைச்சருக்குக் காலுறை

டென்மார்க்கில் ஹொல்ஸ்டெப்ரோ என்ற ஊரில் வீட்டுப் பராமரிப்பு வேலைக்குப் போகிற எங்களுக்குக் காலை நேரம் முழுவதும் காலுறைதான். கால் வீங்கும் வயதானவர்களுக்கு வைத்தியர் எழுதிக்கொடுக்கும் இறுக்கமான காலுறை அது. அவர்கள் கட்டிலை விட்டு இறங்குமுன் மாட்டிவிட வேண்டும். கொம்யூன் என்கிற நகரசபையின் காரில் வீடு வீடாகப் போவேன். முழந்தாளிட்டு, குதிக்காலைத் தாண்டும்வரை மல்லுக்கட்டி இழுத்துவிட்டு அடுத்த வீட்டுக்கு ஓடுவேன். யாருடைய கால் என்று பார்ப்பதில்லை. பார்த்தால் வேலை முடியாது.

ஒரு முதியவருடைய காலையும் அப்படித்தான் நினைத்திருந்தேன். எழுபத்தைந்து வயது மதிக்கலாம். மகள் ஒரு டேனிஷ்காரரைக் கட்டியதால் இங்கே வந்து சேர்ந்தவர். சோவியத் ஒன்றியம் உடைந்தபோது தனியாகப் போன சின்ன நாடுகளில் ஒன்று அவருடையது. எது என்று சொல்ல மாட்டேன். பராமரிக்கும் வீட்டைப் பற்றி வெளியே மூச்சுவிடக் கூடாது என்பது எங்கள் வேலையின் சட்டம். முதல் கிழமை முழுவதும் நன்றி சொல்வதைத் தவிர அவர் வேறெதுவும் பேசவில்லை. பிறகு ஒருநாள் மகள் கோப்பி ஊற்றிக்கொண்டே, ஏதோ அவர் முன்பு தபால் கந்தோரில் வேலை பார்த்தவர் என்பதுபோல, சாதாரணமாகச் சொன்னாள்: "சண்டைக் காலத்தில் அப்பா பாதுகாப்பு அமைச்சராக இருந்தவர்."

என் கையில் அவருடைய வலது கால் இருந்தது. அப்படியே விட்டுவிட்டு எழும்பலாம் போலிருந்தது.

பாதுகாப்பு அமைச்சர் என்ற சொல் யாழ்ப்பாணத்துக்காரிக்குப் பழக்கமானது. குண்டு விழுந்த அடுத்த நாள் செய்தியில் வருகிற சொல் அது. என் தம்பி கடைசிச் சண்டையில் காணாமல் போனவன். விசாரித்த இடமெல்லாம் "தெரியாது" என்ற ஒரே பதில்தான் கிடைத்தது. அம்மா கனடாவில் அண்ணை வீட்டில் இருந்தார். சுவரில் தொங்கிய தம்பியின் படத்துக்கு மாலை போட அவர் கடைசிவரை விடவில்லை. மாலை போட்டால் செத்தவன் என்று நாங்களே ஒப்புக்கொண்டதாகிவிடும். போன வருடம் அம்மாவும் கண்ணை மூடினார். இப்போது அம்மாவின் படத்துக்கு மாலை இருக்கிறது, பக்கத்தில் தம்பியின் படம் வெறுமனே இருக்கிறது.

வீட்டுக்கு வந்ததும் அவருடைய நாட்டுச் சண்டையைப் பற்றித் தொலைபேசியில் தேடினேன். கிணறு வெட்டப் பூதம் புறப்பட்ட கதைதான். அந்தச் சின்ன நாட்டின்மீது பெரிய அயல்நாடு படையெடுத்திருக்கிறது. ஐயோ பாவம், எங்களைப் போல என்று நினைத்தேன். இரண்டாவது பக்கத்தைத் திறந்தால், அந்தச் சின்ன நாட்டுக்குள்ளே அதைவிடச் சின்னதாக ஒரு சனம் இருக்கிறது, அவர்களும் தனியாகப் போகக் கேட்டிருக்கிறார்கள், அங்கேயும் இவருடைய படைதான் போயிருக்கிறது. பெரியவனிடம் அடிவாங்கியவரும் இவர்தான், சின்னவனை அடித்தவரும் இவர்தான். ஒரு பக்கம் அவரை நாட்டைக் காத்தவர் என்றது. இன்னொன்று விற்றவர் என்றது. எரிகிற கொள்ளியில் எந்தக் கொள்ளி நல்ல கொள்ளி என்று விட்டுவிட எனக்குத் தெரியவில்லை. ஓல்போர்க்கில் படிக்கும் மகளைக் கூப்பிட்டேன்.

"அந்தச் சண்டையிலை நாங்கள் எந்தப் பக்கம் பிள்ளை?" என்று கேட்டேன்.

அவள் வழக்கம்போல டேனிஷில் பதில் சொன்னாள். "நாங்கள் ஏன் அம்மா ஒரு பக்கத்தில் இருக்க வேண்டும்?"

எனக்குப் பத்திக்கொண்டு வந்தது. டென்மார்க்கில் பிறந்தவர்களுக்கு இப்படிக் கேட்பது சுகம். சாப்பிட்டாயா என்று கேட்டுவிட்டு வைத்தேன்.

அதன் பிறகு ஒவ்வொரு நாள் காலையும் அவர் கொஞ்சம் கொஞ்சமாகக் கதை சொன்னார். அவருடைய டேனிஷும் என்னுடைய டேனிஷும் ஒரே வகுப்பில் பெயிலானவை என்பதால் எங்களுக்குள் நன்றாகவே விளங்கியது. உழவு இயந்திரத் தொழிற்சாலையில் பொறியியலாளராக இருந்தாராம். ஒன்றியம் உடைந்தபோது நாட்டில் படையே இல்லை, லொறி திருத்தத் தெரிந்தவர் என்பதற்காக இவரை இழுத்துக்கொண்டார்களாம். அப்படியே அதிகாரியாகி, பெரிய சண்டை தொடங்கியதும், மற்றவர்கள் மறுத்த நாற்காலியில் இவரை இருத்தினார்கள். பதவி போன செய்தியை ஒரு காலையில், சவரம் செய்துகொண்டிருக்கும்போது, வானொலியில்தான் கேட்டாராம். அதைச் சொல்லி அவர் சிரித்தார். நானும் சிரித்துவிட்டேன். காருக்குள் ஏறிய பிறகு, யாரோடு சேர்ந்து சிரித்தேன் என்று என்மீதே கோபம் வந்தது.

அந்த நாட்களில்தான் அண்ணை கனடாவிலிருந்து தொலைபேசி எடுத்தார்.

"பிள்ளை, அம்மா போய் ஒரு வருஷமாகுது, ஆட்டைத் திவசம் வருகுது. அதோடை தம்பிக்கும் செய்து முடிப்பம். எத்தினை வருஷம் இப்பிடியே வைச்சிருக்கிறது? நீ ஓம் எண்டால் ஐயரிட்டைக் கதைக்கிறன். அவன்ரை படத்துக்கும் மாலை போடுவம்."

"நாளைக்குச் சொல்லுறன் அண்ணை" என்றேன்.

இரவு முழுவதும் ஓமா இல்லையா என்று தெரியவில்லை. ஓம் என்றால் தம்பியை நான் கொன்றதுபோல இருந்தது. இல்லை என்றால் அண்ணையைச் சாகும்வரை காத்திருக்க வைப்பதுபோல இருந்தது.

மறுநாள் காலை இடது கால் முடிந்தது. வலது காலைத் தூக்கி மடியில் வைத்தேன். அந்த நாற்காலியில் இருந்த ஒரு மனுசன் எனக்கு எட்டும் தூரத்தில் இருக்கிறார், இதற்குப் பிறகு எனக்கு யார் கிடைக்கப்போகிறார்கள் என்று தோன்றியது. கேட்டுவிட்டேன்.

"காணாமல் போனவர்களைத் தேடித் தாய்மார் உங்களிடம் வந்தார்களா?"

"வந்தார்கள். அமைச்சு வாசலில் படங்களோடு நின்றார்கள்."

"என்ன சொன்னீர்கள்?"

"தெரியாது என்று சொன்னேன்."

"உண்மையிலேயே தெரியாதா?"

அவர் காலை என் மடியிலிருந்து எடுக்கப் பார்த்தார். நான் விடவில்லை. அவர் யன்னலைப் பார்த்தபடி, சொற்களைத் தேடித் தேடிச் சொன்னார்.

"சிலரைத் தெரியும். அதைச் சொல்லக் கூடாது என்று முடிவெடுத்தோம். மற்றவர்களை நாங்கள் தேடவே இல்லை. ஆள் இல்லை, நேரம் இல்லை. பிறகு சண்டை முடிந்தது, அப்போதும் தேடவில்லை. தேடாவிட்டால் தெரியாதுதானே."

முகத்தில் அறைய வேண்டும் போலக் கோபம் வந்தது. அதே நேரத்தில், சொல்ல வெட்கமாக இருக்கிறது, அடிவயிற்றில் ஒரு சந்தோசமும் வந்தது. தேடவில்லை என்றால் செத்துவிட்டான் என்றும் ஒருவருக்கும் தெரியாதுதானே.

"உங்களுடைய யார்?" என்று கேட்டார்.

"தம்பி."

அவர் மன்னிப்புக் கேட்டார். என்னிடம் கேட்டாரா, அந்த வாசலில் நின்றவர்களிடம் கேட்டாரா, காலை இழுத்ததற்குக் கேட்டாரா என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. நான் வலது காலுறையைக் குதிக்கால் தாண்டி இழுத்து, சுருக்கம் இல்லாமல் தடவிவிட்டு எழும்பினேன்.

மாலையில் அண்ணையைக் கூப்பிட்டேன்.

"தம்பிக்கு இப்ப வேண்டாம் அண்ணை."

"ஏன் பிள்ளை?"

"தேடேல்லையாம். தேடாமலேதான் தெரியாது எண்டு சொன்னவையாம்."

"ஆர் சொன்னது?"

"பாதுகாப்பு அமைச்சர்."

எந்த நாட்டு அமைச்சர் என்று அண்ணை கேட்கவில்லை.

"அப்ப ஒரு மாலைதான் வாங்குறன்" என்றார்.